குப்பம் நடுவே ஒரு பூங்கா: யாருக்காக, எப்படி?

பெங்களூரில் வேலை முடித்துத் திரும்புகிறவர்களின் ரெயில் குப்பம் நிலையத்தில் வந்து நிற்கும்போது பெரும்பாலும் இருட்டிவிடுகிறது. கட்டட வேலைக்குப் போனவர்கள், கம்பெனியில் ஷிப்டு பார்த்தவர்கள், கடைச் சிப்பந்திகள், குமாஸ்தாக்கள் என்று ஒரு கூட்டம் இறங்குகிறது. கையில் பை, அதற்குள் காலியான சாப்பாட்டு டப்பா. ஊருக்குள் வீடு உள்ளவர்கள் வேகமாக நடையைக் கட்டிவிடுகிறார்கள். சுற்றுவட்டக் கிராமங்களுக்குப் போகவேண்டியவர்கள் ஆட்டோவோ பஸ்ஸோ வரும்வரை நிற்கிறார்கள்.

நிற்கிறார்கள் என்பதுதான் சரியான சொல். உட்காரலாம் என்றால் டீக்கடை பெஞ்சு இருக்கிறது. அதற்கு ஒரு டீயாவது வாங்க வேண்டும். பூட்டிய கடையின் படிக்கட்டு இருக்கிறது. அதற்குக் கடைக்காரரின் தயவு வேண்டும். காசும் தயவும் இல்லாமல், ஒரு மனிதன் கால்மணி நேரம் மரியாதையோடு உட்காரக்கூடிய இடம் கடைத்தெருவை ஒட்டி எத்தனை இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். பெண்ணாக இருந்தால், கைக்குழந்தையோடு வந்த தாயாக இருந்தால், எண்ணிக்கை இன்னும் குறையும்.

ஊரின் நடுவே பூங்கா என்ற பேச்சு இங்கேதான் தொடங்க வேண்டும். பூச்செடியிலோ நீரூற்றிலோ அல்ல.

வயல் இருக்கப் பூங்கா எதற்கு?

இந்தப் பேச்சை எடுத்தவுடனே ஒரு கேள்வி எழும். குப்பம் என்ன சென்னையா, பெங்களூரா? பத்து நிமிஷம் நடந்தால் வயல், தோப்பு, ஏரி. நிமிர்ந்து பார்த்தால் கங்குந்தி மலை. 1997-ம் ஆண்டில் தொடங்கிய திராவிடப் பல்கலைக்கழகத்துக்கு ஊருக்கு வெளியே பரந்த வளாகம். இத்தனையும் இருக்கும்போது கடைத்தெரு நடுவே எதற்குப் பூங்கா என்று கேட்பார்கள்.

கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஊருக்கு வெளியே உள்ள பசுமை யாருக்குப் பயன்படுகிறது? வண்டி உள்ளவனுக்கு, நேரம் உள்ளவனுக்கு. கடைக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருக்கும் குடும்பத்தின் ஐந்து வயதுக் குழந்தை ஏரிக்கரைக்குத் தனியாகப் போய் விளையாட முடியாது. மூட்டு வலியுள்ள பாட்டி மலையடிவாரம் வரை நடக்க முடியாது. காலை ஒன்பது மணியிலிருந்து இரவு ஒன்பது மணிவரை ஜவுளிக்கடையில் நின்றுகொண்டே வேலை பார்க்கும் பெண், மத்தியானச் சாப்பாட்டுக்குக் கிடைக்கும் அரைமணி நேரத்தில் வயல்வெளிக்குப் போய்த் திரும்ப முடியாது. ஜனம் எங்கே நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கிறதோ, அங்கேதான் திறந்த வெளி தேவைப்படுகிறது. எங்கே இடம் தாராளமாக இருக்கிறதோ, அங்கே பூங்கா அமைப்பது சுலபம். ஆனால் அங்கே அதன் தேவை குறைவு.

குப்பம் இப்போது கிராமமும் அல்ல. அது நகராட்சி. 2021 நவம்பரில் 25 வார்டுகளுக்கு முதல் நகராட்சித் தேர்தல் நடந்தது. 1992-ம் ஆண்டின் 74-வது அரசியல் சட்டத் திருத்தம், நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க வேலைகளின் பட்டியலைப் பன்னிரண்டாவது அட்டவணையில் தந்திருக்கிறது. குடிநீர், சாலை, சுகாதாரம் ஆகியவற்றோடு பூங்கா, தோட்டம், விளையாட்டு மைதானம் ஆகியவையும் அதில் இடம்பெற்றிருக்கின்றன. ஆகவே பூங்கா கேட்பது ஆடம்பரம் அல்ல. தண்ணீர்க் குழாய் கேட்பதைப் போன்றதுதான்.

ரெயில் பாதையின் ஒரு முனை

குப்பம் சென்னை - பெங்களூர் ரெயில் பாதையில் உள்ள ஊர். இந்தப் பாதையின் இரு முனைகளிலும் ஊர் நடுப் பூங்காக்களைப் பற்றி இரண்டு பாடங்கள் இருக்கின்றன. அன்றாடம் அந்த வழியே போகிறவர்களும் அவற்றைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

சென்னை முனையை முதலில் பார்க்கலாம். சென்டிரல் நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால் எதிரே பார்க் நிலையம். அந்தப் பகுதிக்கே பார்க் டவுன் என்று பெயர். ஆனால் பார்க் எங்கே? 1859-ம் ஆண்டில் சென்னை கவர்னராக இருந்த சர் சார்லஸ் டிரெவிலியன், கோட்டைக்கு வடக்கே நெருக்கடியில் வாழ்ந்த ஜனங்களுக்குக் காற்றோட்டமான இடம் வேண்டும் என்று அங்கே 116 ஏக்கரில் 'பீப்பிள்ஸ் பார்க்' அமைக்க ஏற்பாடு செய்தார். குளங்கள், நடைபாதைகள், பிராணிகள் காட்சிச்சாலை எல்லாம் அதில் இருந்தன.

அந்தப் பூங்காவை யாரும் ஒரே இரவில் திருடிவிடவில்லை. முதலில் ஓர் ஓரத்தில் விக்டோரியா பொதுமண்டபம் எழுந்தது. 1900-ம் ஆண்டில் மூர் மார்க்கெட் வந்தது. 1913-ல் மாநகராட்சியே தனக்கு ரிப்பன் கட்டடத்தைக் கட்டிக்கொண்டது. பிறகு விளையாட்டு அரங்கம். 1985-ல் மூர் மார்க்கெட் தீக்கிரையானபின் அந்த நிலமும் ரெயில்வேக்குப் போயிற்று. காட்சிச்சாலையும் அதே ஆண்டில் வண்டலூருக்குப் போய்விட்டது. ஒவ்வொன்றும் பொதுக் காரியம்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல காரணம் சொல்லப்பட்டது. கடைசியில் மிஞ்சியது பெயர் மட்டும்.

இங்கேதான் பாடம். ஊர் நடுவே காலி நிலம் கிடந்தால், கட்டடம் தேவைப்படும் ஒவ்வோர் அலுவலகத்தின் கண்ணும் அதன்மேல் விழும். "ஓர் ஓரமாகக் கொஞ்சம்தானே" என்றுதான் எப்போதும் கேட்பார்கள். அந்த ஓரங்களைக் கூட்டிப் பார்த்தால் 116 ஏக்கர் ஆகிவிடும்.

அதே பார்க் டவுனில் இருந்த மத்தியச் சிறை 2006-ம் ஆண்டில் புழலுக்கு மாற்றப்பட்டது. பழைய கட்டடம் 2009-ல் இடிக்கப்பட்டது. இழந்த பூங்காவில் ஒரு துண்டையாவது திரும்பப் பெற அது ஒரு வாய்ப்பு. ஆனால் அந்த நிலம் மருத்துவக் கல்லூரி விரிவாக்கத்துக்கும் மெட்ரோ ரெயிலுக்கும் போயிற்று. கல்லூரியும் தேவை, ரெயிலும் தேவை. அதை யாரும் மறுக்க முடியாது. பூங்காவுக்காக வாதாட அங்கே ஆள் இல்லை என்பதையும் மறுக்க முடியாது.

மறு முனை

இப்போது பெங்களூர் முனை. மெஜஸ்டிக்குக்குச் சற்றுத் தள்ளி, சேஷாத்ரி ரோட்டில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய மத்தியச் சிறை இருந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில் வாஜ்பாயும் அத்வானியும் அடைக்கப்பட்டிருந்த சிறை அது. சிறை பரப்பன அக்ரகாரத்துக்கு மாற்றப்பட்ட பிறகு, பழைய நிலத்தைக் கூறுபோட்டு விற்காமல், சுமார் 21 ஏக்கரில் பூங்காவாக்கினார்கள். காவல் கோபுரத்தையும் சில சிறைக் கொட்டடிகளையும் அப்படியே விட்டுவைத்தார்கள். ஜனங்கள் கூடிக் கோரிக்கை எழுப்பவும் ஒரு பகுதியை ஒதுக்கினார்கள். 2008 நவம்பரில் 'பிரீடம் பார்க்' திறக்கப்பட்டது. சம்பள உயர்வு கேட்டுக் கூடும் அங்கன்வாடி ஊழியர்களையும் ஆலைத் தொழிலாளர்களையும் அந்த வழியே போகிறவர்கள் பார்த்திருப்பார்கள்.

தமிழ்நாட்டிலும் அண்மையில் இதே போன்ற காரியம் நடந்திருக்கிறது. கோவை காந்திபுரத்தில், பஸ் நிலையங்களும் கடைகளும் நெருக்கும் இடத்தில், மத்தியச் சிறை வளாக நிலத்தில் 45 ஏக்கரில் செம்மொழிப் பூங்கா அமைத்து 2025 நவம்பரில் திறந்தார்கள். இருநூறு கோடி ரூபாய்க்கு மேல் செலவு.

நெருக்கமான நகரத்தின் நடுவே புதிதாக நிலத்தை யாரும் உண்டாக்கிவிட முடியாது. ஏதாவது பழைய சர்க்கார் கட்டடம், சிறை, கிடங்கு, சந்தை, பஸ் டிப்போ ஊருக்கு வெளியே போகும்போதுதான் இடம் காலியாகிறது. அந்த வாய்ப்பு ஓர் ஊருக்கு ஐம்பது வருஷத்துக்கு ஒருமுறை வந்தால் அதிகம். பழைய அலுவலகம் இடிக்கப்படும் நாளில் என்ன கட்டுவது என்ற பேச்சுக்கு முன்னால், ஒன்றும் கட்டாமல் விட்டால் என்ன என்று கேட்க நாலு பேராவது குப்பத்தில் இருக்க வேண்டும்.

காளாஸ்திரிக்காரர் பெயரில் ஒரு பூங்கா

சென்னை தியாகராய நகரின் பனகல் பார்க்கைத் தெரியாத தமிழர் குறைவு. அந்தப் பெயருக்குரிய பனகல் ராஜா, பானகண்டி ராமராயநிங்கார், பழைய சித்தூர் ஜில்லாவின் காளாஸ்திரியில் 1866-ம் ஆண்டில் பிறந்தவர். 1921 முதல் 1926 வரை சென்னை ராஜதானியின் முதல் மந்திரி. அந்தக் காலத்தில்தான் மாம்பலத்தில் பழைய பெரிய ஏரி தூர்க்கப்பட்டு, 1920-ம் ஆண்டின் நகர அமைப்புச் சட்டத்தின் துணையோடு, புதிய குடியிருப்பு திட்டமிடப்பட்டது.

ஏரியைத் தூர்த்தது சரிதானா என்பது வேறு கேள்வி; சென்னை ஒவ்வொரு மழைக்கும் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்தத் திட்டத்தில் கவனிக்கவேண்டிய அம்சம் ஒன்று உண்டு. நடுவில் சுமார் எட்டு ஏக்கர் பூங்காவுக்கு இடம் விட்டு, சாலைகள் அதை நோக்கி வந்து சேரும்படி வரைந்தார்கள். பிறகு கடைகள் வந்தன. நகைக்கடையும் பட்டுக்கடையும் மாடி மேல் மாடியாக எழுந்தன. முதலிலேயே இடம் விட்டிராவிட்டால், பின்னால் அந்த நெரிசலில் ஒரு சென்ட் நிலத்தைக்கூடப் பூங்காவுக்கென்று யாராலும் வாங்கியிருக்க முடியாது.

மெட்ரோவின் இரண்டாம் கட்ட வேலைக்காக அண்மை ஆண்டுகளில் அந்தப் பூங்காவின் ஒரு பகுதியும் எடுத்துக்கொள்ளப்பட்டது. நூறு வருஷம் வாழ்ந்த பூங்காவுக்கே இந்த நிலை என்றால், புதிய பூங்கா பிறக்கும்போதே அதற்குக் காவல் வேண்டும் அல்லவா?

குப்பத்தைச் சுற்றி இப்போது மனைப்பிரிவுகள் பெருகுகின்றன. ஆந்திராவின் மனைப்பிரிவு விதிகள்படி மொத்த நிலத்தில் பத்தில் ஒரு பங்கைத் திறந்த வெளியாக விட வேண்டும். பிளானில் அந்தப் பங்கு பச்சை வண்ணத்தில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது பெரும்பாலும் மூலையில், பள்ளத்தில், மின்சாரக் கம்பி போகும் இடத்தில், மனையாக விற்க முடியாத துண்டாக இருந்துவிடுகிறது. தவணையில் மனை வாங்கும் குமாஸ்தா கிணறு எங்கே, ரோடு எத்தனை அடி என்று கேட்கிறார். பூங்கா எங்கே, அது நகராட்சி பெயருக்கு எழுதிக்கொடுக்கப்பட்டதா என்றும் கேட்டால் பாதி வேலை முடிந்தது.

எவ்வளவு நிலம் வேண்டும்?

பூங்கா என்றால் ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டும் என்று பயப்படத் தேவையில்லை. மத்திய அரசின் 2014-ம் ஆண்டு நகரத் திட்ட வழிகாட்டி, ஐயாயிரம் பேர் வசிக்கும் குடியிருப்புக்கு அரை ஹெக்டேரில் ஒரு பூங்கா இருக்கலாம் என்கிறது. ஊர்க் கணக்கில் அது சுமார் 125 சென்ட். அதுவும் கிடைக்காவிட்டால் இன்னும் சிறியதாகவும் அமைக்கலாம்.

நியூயார்க் நகரில், வானளாவிய கட்டடங்களுக்கு நடுவே, 1967-ல் பேலி பார்க் என்று ஒன்றைத் திறந்தார்கள். அகலம் 42 அடி, நீளம் 100 அடி. பத்து சென்ட்கூட இல்லை. சில மரங்கள், நகர்த்தி வைத்துக்கொள்ளக்கூடிய நாற்காலிகள், பின்சுவரில் தெருச் சத்தத்தை அமுக்கும் ஒரு நீர்வீழ்ச்சி, அவ்வளவுதான். மத்தியான வேளையில் ஆபீஸ் சிப்பந்திகள் டப்பாவைத் திறந்து சாப்பிட அங்கே போகிறார்கள். உலகத்து நகர அமைப்பாளர்கள் எல்லாரும் போய்ப் பார்க்கும் இடமாக அது ஆகிவிட்டது.

கடைத்தெருவில் பத்து சென்ட் நிலம் பெரிய விலை பெறும் என்பது வாஸ்தவம். ஆனால் ஊருக்கு வெளியே பத்து ஏக்கரில் அமைத்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூட்டம் வரும் பூங்காவைவிட, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தினம் ஆயிரம் பேர் உட்கார்ந்து எழுந்து போகும் பத்து சென்ட் மேலானது.

மதில் வேண்டுமா, வாசல் வேண்டுமா?

பூங்கா என்றவுடன் நகராட்சி என்ஜினீயர் முதலில் போடும் எஸ்டிமேட் காம்பவுண்டுச் சுவருக்குத்தான். ஆள் உயரச் சுவர், அதற்கு மேல் கம்பி, ஒரே ஒரு கேட். ரவுடிகள் நுழையாமல் இருக்கவே இந்த ஏற்பாடு என்பார்கள். நடப்பது நேர்மாறு. வெளியே இருந்து பார்க்க முடியாத இடத்தில்தான் சீட்டாட்டமும் சாராயமும் போய் உட்காரும்.

இதற்கும் நியூயார்க்கிலேயே சான்று உண்டு. நகர நடுவே உள்ள பிரையன்ட் பார்க், உயரமான புதர்வேலிக்கும் இரும்புக் கம்பிக்கும் பின்னால் மறைந்து கிடந்தது. 1970-களில் அது கஞ்சா வியாபாரிகளின் கையில் இருந்தது. வில்லியம் வைட் என்பவர், ஜனங்கள் எங்கே உட்காருகிறார்கள், எங்கே ஒதுங்குகிறார்கள் என்று பொது இடங்களில் மணிக்கணக்காக உட்கார்ந்து கவனித்தவர். போலீசைக் கூட்டுவதோடு நிறுத்தாமல், புதரை எடு, வாசலைக் கூட்டு, உள்ளே நடப்பது தெருவில் தெரியட்டும் என்று அவர் யோசனை சொன்னார். அவ்வாறே செய்து 1992-ல் மீண்டும் திறந்தார்கள். குடும்பங்கள் வந்தன, கஞ்சா போய்விட்டது. பெண்களும் குழந்தைகளும் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அயோக்கியனுக்கு வேலையில்லை.

குப்பத்துப் பூங்காவுக்கும் இடுப்பளவு சுவர் போதும். அந்தச் சுவரின் மேற்பரப்பை அகலமாகக் கட்டினால் அதுவே பெஞ்சு. நாலு பக்கமும் தெரு இருந்தால் நாலு பக்கமும் வாசல் வைக்க வேண்டும். பஸ் நிலையத்திலிருந்து கடைத்தெருவுக்குக் குறுக்கே நடந்து போகிறவர்கள் பூங்கா வழியாகப் போகட்டும். நடமாட்டமே காவல். கேட்டில் டிக்கெட் வைப்பதும் கூடாது. பத்து ரூபாய்தானே என்பார்கள். நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு நாற்பது ரூபாய். தினம் போனால் மாதம் ஆயிரத்து இருநூறு.

திறக்கும் நேரத்தையும் கவனிக்க வேண்டும். பெங்களூர் மாநகராட்சிப் பூங்காக்கள் பல வருஷங்கள் காலையும் மாலையும் மட்டும் திறந்து, வெயில் கொளுத்தும் நடுப்பகலில் பூட்டிக் கிடந்தன. நிழல் எப்போது தேவையோ அப்போது பூட்டு. 2024-ல்தான் காலை 5 மணியிலிருந்து இரவு 10 மணிவரை திறந்து வைக்க ஏற்பாடு வந்தது. குப்பத்துப் பூங்காவும் விடியற்காலை ரெயிலுக்கு முன் திறந்து, ராத்திரி ரெயிலுக்குப் பின் மூட வேண்டும்.

மரம், தண்ணீர், கழிப்பறை

அழகுக்காகப் புல்தரை போடுவது பணக்கார நகரங்களைப் பார்த்துச் செய்யும் காரியம். சித்தூர் ஜில்லாவின் மேற்குப் பகுதி வறட்சியைக் கண்ட மண். ஆழ்குழாய்க் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு ஆழத்துக்குப் போயிற்று என்பதை விவசாயிகளிடம் கேட்டால் தெரியும். அங்கே தினம் நீர் ஊற்றும் புல்தரையைப் போட்டால், முதல் கோடையில் அது மஞ்சளாகும். "புல்லின்மேல் நடக்காதே" என்ற பலகை மட்டும் மிஞ்சும்.

நட வேண்டியது மரம். புங்கம், வேம்பு, நாவல், மகிழம் ஆகியவை இந்த மண்ணுக்குப் பழகியவை. இரண்டு மூன்று வருஷம் தண்ணீர் காட்டினால் பிறகு தாமே பிழைத்துக்கொள்ளும். பூவுக்கு ஆசைப்பட்டு, காற்றடித்தால் கிளை முறியும் மரங்களை உட்காரும் இடத்துக்கு மேல் வளர்க்கக் கூடாது. ஏற்கெனவே அந்த நிலத்தில் ஒரு பழைய அரசமரமோ புளியமரமோ இருந்தால் அதை வெட்டாமல், அதைச் சுற்றியே பிளான் போட வேண்டும். ஐம்பது வருஷ நிழலைக் கான்டிராக்டரிடம் விலைக்கு வாங்க முடியாது. தரை முழுவதும் சிமென்ட் கல் பதிக்காமல் மண்ணாக விட்டு, சரிவை நடுவே தாழ்வாக அமைத்தால், சுற்றுக் கூரைகளின் மழைநீரும் அங்கேயே இறங்கும்.

கழிப்பறை இல்லாத பூங்கா ஆண்களுக்கு மட்டும் உரிய பூங்கா. இதைப் பலர் சொல்லத் தயங்குவதால் பல பூங்காக்கள் அப்படியே இருக்கின்றன. பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, அதில் தண்ணீர், அதைத் துப்புரவு செய்யும் தொழிலாளிக்கு ஒழுங்கான சம்பளம். இம்மூன்றும் எஸ்டிமேட்டில் நீரூற்றுக்கு முன்னால் எழுதப்பட வேண்டும். குடிதண்ணீர்க் குழாய் ஒன்று, கண்ணைக் கூசாத விளக்குகள், குழந்தைகளுக்கு மணற்பரப்பும் ஊஞ்சலும், அவை தெரியும் இடத்தில் தாய்மார் உட்காரப் பெஞ்சு, இவையே போதும்.

அறிவிப்புப் பலகைகள் தெலுங்கில் இருக்க வேண்டும் என்பதில் ஆட்சேபணை இல்லை. தமிழும் கன்னடமும் வீட்டில் பேசுகிறவர்கள் நிறைந்த எல்லை ஊர் இது. மூன்று மொழியிலும் எழுதினால் பலகை சற்றுப் பெரிதாகும்; நகராட்சியின் பெருந்தன்மையும் கூடத் தெரியும்.

வாடகை வராத நிலமா?

இவ்வளவுக்கும் பிறகு ஒரு வாதம் பாக்கி இருக்கும். அதே இடத்தில் நாற்பது கடை கட்டினால் நகராட்சிக்கு மாத வாடகை வரும். அதைக் கொண்டு சாக்கடை சீர்ப்படுத்தலாம். பூங்காவால் செலவுதானே என்பார்கள்.

இந்த வாதத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. சின்ன நகராட்சிகளின் கஜானா எப்படி இருக்கும் என்று அலுவலகங்களில் வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும். ஆனால் கடை கட்ட இன்னோர் இடம் கிடைக்கும். மாடி மேல் மாடி எழுப்பியும் கட்டலாம். திறந்த வெளியை மாடியாக எழுப்ப முடியாது. உட்கார்ந்து இளைப்பாறி எழுகிறவன் பக்கத்துக் கடையில்தான் பொருள் வாங்குகிறான் என்பதையும் வியாபாரிகள் யோசிக்க வேண்டும்.

பராமரிப்புச் செலவுக்கு வழி இல்லாமலும் போகவில்லை. சென்னை மயிலாப்பூர் லஸ் பகுதியில், 'ஆந்திர பத்திரிகா'வையும் அமிர்தாஞ்சனத்தையும் நிறுவிய காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பெயரில் ஒரு பூங்கா இருக்கிறது. தெலுங்கர் பெயர் தாங்கிய பூங்காவில் மயிலாப்பூர்த் தமிழர்கள் காலை நடை நடக்கிறார்கள்; சதுரங்கம் ஆடுகிறார்கள்; கச்சேரி கேட்கிறார்கள். அதன் பராமரிப்பை ஒரு தனியார் நிறுவனம் ஏற்று நடத்தியது. நிலம் மாநகராட்சிக்கே சொந்தமாக இருந்தது. குப்பத்து வியாபாரிகளும் ஆளுக்கொரு பெஞ்சு, ஆளுக்கொரு மரம் என்று ஏற்றுக்கொள்ளலாம். பெஞ்சின்மேல் பெயர் எழுதிக்கொள்ளட்டும். பத்திரத்தில் மட்டும் யார் பெயரும் ஏறக் கூடாது.

கோர்ட்டு சொன்ன நியாயம்

பத்திரம் ஏன் முக்கியம் என்பதற்குப் பெங்களூரிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் பூங்காவுக்கென்று திட்டத்தில் ஒதுக்கிய மனையை, நகர வளர்ச்சி அதிகார அமைப்பு ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு ஒதுக்கிக் கொடுத்தது. அந்த வட்டார வாசிகள் வழக்குப் போட்டார்கள். ஆஸ்பத்திரியும் ஜனங்களுக்குத்தானே என்று எதிர்த்தரப்பு வாதாடிற்று. 1991-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு அந்த ஒதுக்கீடு செல்லாது என்று தீர்ப்புக் கூறிற்று. பூங்காவுக்கென்று சட்டப்படி ஒதுக்கிய இடத்தை அதிகாரத்தில் உள்ளவர்கள் தங்கள் விருப்பப்படி வேறு காரியத்துக்குத் தர முடியாது. அதைத் தட்டிக் கேட்க அங்கே வசிப்பவர்களுக்கு உரிமை உண்டு என்று இதனால் உறுதியாயிற்று.

அந்த வட்டார வாசிகள் ஜெயித்ததற்குக் காரணம், பூங்கா என்று திட்டத்தில் எழுதியிருந்தது. சென்னைப் பீப்பிள்ஸ் பார்க்கை ஒவ்வொரு ஓரமாக இழந்தபோது, அப்படி ஒரு காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போக யாரும் இல்லை.

ஆகவே குப்பத்தில் பூங்கா அமையும் நாள் வந்தால், வார்டு ஜனங்கள் கேட்கவேண்டியவை சில உண்டு. நிலம் நகராட்சியின் பெயரில், பூங்கா என்ற உபயோகத்துக்கென்று, நகரத் திட்டத்தில் பதிவாகிறதா? சுவர் எத்தனை அடி, வாசல் எத்தனை? இருக்கிற மரங்களில் எத்தனை நிற்கும்? பெண்களுக்குக் கழிப்பறை உண்டா? ராத்திரி எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள்? திறப்பு விழாவுக்கு அடுத்த வருஷம் துப்புரவுக்கும் காவலுக்கும் எந்தக் கணக்கில் பணம்? இந்த ஆறு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்கிவிட்டால், நீரூற்று எந்த நிறத்தில் ஒளிவிட வேண்டும் என்பதைக் கான்டிராக்டரிடமே விட்டுவிடலாம்.

பெங்களூரிலோ சென்னையிலோ வேலை பார்க்கும் குப்பத்துக்காரர்கள் கூலிக்காகவும் சம்பளத்துக்காகவும் வெளியூர் போகிறார்கள். அங்கே கட்டடம் கட்டுகிறார்கள், கணக்கு எழுதுகிறார்கள், பூங்காவுக்குத் தண்ணீரும் ஊற்றுகிறார்கள். ராத்திரி ரெயிலில் சொந்த ஊருக்குத் திரும்பி இறங்கும்போது, ஒரு புங்கமரத்தடியில் டப்பாவைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கால்மணி நேரம் உட்கார அவர்களுக்கு ஓர் இடம் வேண்டும். குப்பம் நகராட்சி அதைச் செய்ய வேண்டும். செய்யும்வரை ஜனங்கள் விடாமல் கேட்க வேண்டும்.